உப்பு மட்டும் என்னுடையது

உப்பில்லாத கஞ்சியை எந்த மனிதனும் விரும்பிக் குடிக்கமாட்டான். இன்ஸ்பெக்டர் ஐயா வேண்டுமானால் ஒரு நாளைக்கு வீட்டில் சொல்லிக் காய்ச்சிக் குடித்துப் பாருங்கள். முதல் மிடறு போகும். இரண்டாவது தொண்டையில் நிற்கும். மூன்றாவதுக்குக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஆரையாவது ஏசத் தொடங்குவீர்கள். என் பக்கத்து நியாயத்துக்காக இதைச் சொல்லவில்லை. எல்லாம் அப்படி ஒரு கோப்பையில் தொடங்கியது என்பதற்காகச் சொல்கிறேன்.

காலையில் நீங்கள் கேட்டது ஆசுபத்திரியில் நான் துணைக்கு நின்ற முகைதீன்பாவா காக்காவைப் பற்றி மட்டும். அவருடைய கஞ்சிக்குள் உப்புப் போட்டது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதினால் பாதியில் விட்ட வேலை மாதிரி இருக்கும். அவருக்கு முதல் நல்லரத்தினம் ஐயா என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்க உங்களுக்குக் காரணமும் இல்லை. இருதய நோயால் இறந்தார் என்றுதான் பதிந்திருக்கிறது. அது பொய்யும் இல்லை.

சொல்லச் சொல்ல எழுதுவதாகப் பொலிஸ் தம்பி சொன்னார். நானே எழுதுகிறேன் என்று தாள் கேட்டு வாங்கினேன். எழுத்து எனக்கு வயது போய்த்தான் வந்தது, கடைசி மகள் முதலாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்து. மெதுவாகத்தான் எழுதுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வினாயகமூர்த்தி. ஊர் உன்னிச்சை. சொந்தமாக ஒரு துண்டு வயலும் இல்லை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார்மாரின் வட்டையில் வரம்பு கட்டுவது, வேளாண்மை வெட்டுவது, நெல்மூடை சுமப்பது, இவ்வளவும்தான் எனக்குத் தெரிந்த தொழில். வெட்டு மெசின் வந்த பிறகு வெட்டுக்கு ஆள் தேவைப்படவில்லை. மூடை மட்டும் மிஞ்சியது. அதுவும் முதுகு நிமிரும் மட்டும்தான். ஒரு போகத்தில் மூடையோடு மடிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு என்னைத் தெருவில் கண்டால் போடியார் போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

எனக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். ஐயா வேறு மாவட்டம் என்று பேச்சில் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுக்க வேண்டும். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அழகு, குணம், படிப்பு எல்லாம் வீட்டைப் பார்த்த பிறகு பேசுகிற விசயம். மூன்று பெண் என்றால் மூன்று வீடு. மூத்தவள் கேதீஸ்வரிக்கு என்று தொடங்கிய வீடு சுவரோடு நின்றது. கூரை ஏறவில்லை. மாரி மழை நேரே உள்ளே பெய்து அறைக்குள் புல் முளைத்தது. இரண்டு சம்பந்தம் அந்தப் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

இரண்டாவது சம்பந்தம் கலைந்த கிழமை அவள் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். பெரிய ஆசுபத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். ஒரு பெட்டிக்குள் அவளுடைய இருதயம் பச்சைக் கோடாக ஓடியது. நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் விழித்ததும் அவள் கேட்டாள்:

“ஏன் அப்பா என்னக் கொண்டு வந்தீங்க?”

 அதற்குக் கூரை ஒன்றுதான் பதில் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அவள் தேறி வந்த கொஞ்சக் காலத்தில் மூன்றாவது சம்பந்தம் வந்தது. இலட்சுமிப்பிள்ளை என்கிற அம்மா. மகன் வாகனம் திருத்துகிற கராச் ஒன்றில் வேலை. நல்ல பொடியன், கேதீஸ்வரிக்கும் பிடித்திருந்தது. அந்த அம்மா வந்து, கூரையில்லாத அறைக்கு நடுவில் நின்று, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

“வானம் வடிவாத்தான் இரிக்கு அண்ணன். ஆனா என்ட மகனுக்குத் தடிமன் காய்ச்சல் கெதியாப் பிடிக்கும்” என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “ஆவணி முடியிறதுக்குள்ள கூரையப் போடுங்க. மறுகா நாள் பாப்பம். ஏலாட்டி இப்பவே சொல்லிப் போடுங்க. அவனுக்கு வேற இடமும் கேட்டு வந்திரிக்கி.”

அவர் கெட்ட மனிசி இல்லை. உள்ளதைச் சொன்னார். சுவருக்கு அங்கால் நின்ற கேதீஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. அவள் அழவில்லை. அவர்கள் போன பிறகு குந்தியிருந்து அறைக்குள் முளைத்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வெளிச்சம் போன பிறகும் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

வேலை வந்தது நஸீறாவால். பெரிய ஆசுபத்திரியில் வாட்டுக் கூட்டுகிற பெண். மகளுக்குப் பக்கத்தில் நான் இருந்த விதத்தைப் பார்த்திருக்கிறாள். போன் எடுத்தாள்.

“மூர்த்தி அண்ணன், டவுனுக்குள்ள தனியார் ஆசுபத்திரி ஒண்டுல ஒரு ஐயாவோட துணைக்கு நிக்க ஆள் தேடுறாங்க. மகள் சுவிஸ்ல. நாள் சம்பளம், நல்ல சம்பளம். உங்கட கைக்குத் தூக்கத் தெரியும், வாய்க்குப் பறையாம இரிக்கத் தெரியும். வேற என்ன வேணும்?”

நல்லரத்தினம் ஐயா அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். மனைவி காலமாகிவிட்டார். இருதயம் களைத்துப்போய், தண்ணீர் காலிலும் நெஞ்சிலும் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீர் வடிந்தால் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்வதென்று மகள் பிரஷாந்தி ஒழுங்கு செய்திருந்தார். அங்கே மருமகனின் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். வடியும்வரை நான். அதாவது அவர் சுகப்படுகிற நாள்தான் என் சம்பளம் நிற்கிற நாள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

அவருடைய கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘இருதய நோய்: ஆபத்துக் காரணிகள்’ என்று இருந்தது. கீழே கட்டம் கட்டமாகப் படங்கள். சிகரெட், சாராயப் போத்தல், சீனி, உப்புச் சிரட்டை, எண்ணெய்ச் சட்டி, பிறசர் பார்க்கிற பட்டி, சாய்மனைக் கதிரையில் வயிறு தள்ளிக் கிடக்கிற ஒருவர், தலையில் கை வைத்துக் கவலையோடு இருக்கிற ஒருவர். கடைசியில் ஒரு தகப்பனும் மகனும் கை பிடித்து நின்றார்கள். அது பரம்பரை. ஐயா உறங்குகிற நேரமெல்லாம் நான் அதைத்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். தலையில் கை வைத்த ஆள் மட்டும் எனக்குத் தெரிந்தவர் மாதிரி இருந்தார்.

முதல் கிழமை ஓர் இளம் டொக்டர் கேள்வி கேட்க வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

“ஐயா, சிகரெட் பத்தினனீங்களோ?”

“கச்சேரியில இருந்த காலம் முழுக்க. சிகரெட் எரிஞ்சாத்தான் பைல் நகரும் தம்பி.”

“குடும்பத்தில ஆருக்கும் மாரடைப்பு வந்ததோ?”

“எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல. அம்மா தொண்ணூறு மட்டும் இருந்தவ. மாமன்மார் எல்லாம் கல்லு மாதிரி.”

டொக்டர் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பிக் கேட்டார்.

“அப்பா என்னெண்டு மோசம் போனவர்?”

“அவரா? வயலுக்குள்ள நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு விழுந்தவர். சின்ன வயசு. அவர்ர தம்பியும் அப்பிடித்தான்.”

“ஐயோ ஐயா, இதை ஏன் முதலே சொல்லேல்ல?”

“நீங்க எங்கட குடும்பத்தயெல்லோ கேட்டீங்க. அப்பா வேற குடி!”

எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழிதான். பிள்ளைகள் தாயின் குடி, தகப்பன் வேறு குடி. கோயில் திருவிழாவும் கலியாணப் பேச்சும் அப்படித்தான் நடக்கும். ஐயாவுக்கு அது பகிடி இல்லை. உண்மையாகவே தகப்பனை அந்தக் கேள்விக்குள் அவர் சேர்க்கவில்லை. டொக்டர் எழுதியதை வெட்டிவிட்டு, “இருதயத்துக்கு உங்கட குடி வழமை தெரியாது ஐயா” என்றார். வாட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பினார். “அண்ணை, மற்றதெல்லாம் நடந்து முடிஞ்சுது. இனி எங்கட கையில இருக்கிறது உப்பு மட்டும்தான். உப்பு உள்ளுக்குப் போனா தண்ணி வடியாது. விளங்கினதோ?”

விளங்கியது. அவர் நினைத்ததை விட நன்றாகவே விளங்கியது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை.

ஐயா சாப்பிடவில்லை. அதுதான் பிரச்சினை. கஞ்சியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புவார்.

“மூர்த்தி, இது கஞ்சியா, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பா?”

“கஞ்சிதான் ஐயா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப நீ குடி பாப்பம்.”

ஒரு மிடறு குடித்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார், கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. தோள் எலும்பு கோப்பை மாதிரிக் குழிந்து போயிருந்தது. கன்ரீனுக்குப் போய்த் தாளில் கொஞ்சம் உப்பு வாங்கி வந்தேன். ஒரு கிள்ளுத்தான் போட்டேன். கோப்பையை வழித்துக் குடித்தார். வழித்த விரலையும் சூப்பினார்.

“உன்ட கைக்கு ஒரு ருசி இரிக்கு மனே” என்றார்.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு ஒரு காலையில் தராசில் அவருடைய நிறை ஏறியிருந்தது. டொக்டர் காலை அமர்த்திப் பார்த்துவிட்டு, “வடியுதில்லையே. இன்னும் ஒரு கிழமை இருக்கட்டும்” என்றார். ஒரு கிழமை என்றால் ஏழு நாள் சம்பளம், எனக்குக் கூரையின் வளைமரம். அன்றைக்கே மேசனுக்குப் போன் எடுத்து மரத்துக்குச் சொல்லச் சொன்னேன்.

முதல் தரம் போட்டது இரக்கத்தால். இதை எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்வேன். அந்தக் காலைக்குப் பிறகு போட்டது கூரைக்காக. இதை இப்போதுதான் முதல் முறையாக ஒருவருக்குச் சொல்கிறேன்.

செய்வது பெரிய வித்தை இல்லை. வரம்பு ஈரம் பார்க்கிறவன் மண்ணில் பெருவிரலை அமர்த்துவான். நான் ஐயாவின் கணுக்காலுக்கு மேல் அமர்த்தினேன். விரல் எடுத்த பிறகும் குழி நின்றால் தண்ணீர் நிற்கிறது, உப்பை நிறுத்திவிடுவேன். குழி எழும்பிவிட்டால் அவர் சுகப்பட்டு வருகிறார். அன்றைக்குப் போடுவேன். வயலுக்குத் தண்ணீர் திறப்பதும் அடைப்பதும் மாதிரித்தான். டொக்டர் வடிய வைத்தார், நான் திரும்பக் கட்டினேன். மருந்துக் குளிசை ஒன்றுகூட நான் தப்பவிடவில்லை. குளிப்பாட்டினேன், முதுகு புண்ணாகாமல் புரட்டினேன், பேப்பரில் மரண அறிவித்தல்களை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். நான் ஒரு பெயரை வாசித்து முடிக்கிறதுக்குள் செத்தவர் எழும்பி வந்துவிடுவார் என்று பகிடி பண்ணுவார். என்னைப் போல அவரைப் பார்த்திருக்க ஒருவராலும் ஏலாது. தாதி மிஸ்மாரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஒரு நாள் தலைமை மிஸ் வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, உண்மையச் சொல்லுங்க. ஆர் உங்களுக்கு வெளியால வாங்கித் தாறது?”

நான் துவாய் மடித்துக்கொண்டு நின்றேன். ஐயா என்னைப் பார்க்கவே இல்லை.

“ஒருத்தரும் இல்ல மிஸ். நான்தான். மூர்த்தி குளிக்கப் போற நேரம் பாத்து கன்ரீன்ல வடை சொல்லி எடுப்பிச்சன்.”

“வெக்கமில்லையா உங்களுக்கு? சின்னப் பிள்ளையா நீங்க? இந்த மனிசன் உங்களுக்காக எவ்வளவு பாடுபடுறார்!”

அவர் தலையைக் குனிந்து ஏச்சை வாங்கினார். மிஸ் போன பிறகு என் கையைப் பிடித்தார்.

“உன்னக் காட்டிக் குடுக்க மாட்டன் மனே. உன்ன நிப்பாட்டிட்டா எனக்கு ஆர் இரிக்கா?”

தன் நாக்குக்காகத்தான் நான் போடுகிறேன் என்று அவர் நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. திருத்தினால் ஆருக்கு என்ன லாபம்?

பிரஷாந்தி ஒவ்வொரு பின்னேரமும் போனில் முகம் காட்டிப் பேசுவார். ஒரு முறை என்னிடம் தனியாகப் பேசினார்.

“அண்ணன், உங்களுக்கு ஏதும் தேவை எண்டா வெக்கப்படாமச் சொல்லுங்க.”

“ஒண்டும் இல்ல புள்ள. ஐயா சுகப்பட்டாப் போதும்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கூலிக்காரன். வேலை செய்து வாங்குவேன், கை நீட்டி வாங்கினதில்லை. இரந்து போட்ட கூரை என்று இலட்சுமிப்பிள்ளையின் காதில் விழுந்தால் கேதீஸ்வரி அந்த வீட்டில் தலை நிமிர்த்தி இருக்க முடியுமா? கேட்பதை விட உப்பு எனக்கு லேசாக இருந்தது.

ஆவணி பிறந்தது. வீட்டில் மரம் ஏறியிருந்தது, ஓடு ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து டொக்டர் புதிதாக ஓர் ஊசியைத் தொடங்கினார். நான் எவ்வளவு கட்டியும் தண்ணீர் வடிந்துகொண்டே போனது. கால் வற்றிக் கணுக்கால் எலும்பு தெரிந்தது. ஐயா எழும்பி, கதிரையில் இருந்து, தானே சவரம் செய்தார். திங்கட்கிழமை காலை கொழும்புக்கு அம்புலன்ஸ் என்று முடிவாகியது. எல்லாருக்கும் சந்தோசம். கன்ரீன்காரர்கூட வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கேதீஸ்வரி போன் எடுத்தாள்.

“அப்பா, இலட்சுமிப்பிள்ளை மாமி நேத்து இந்தப் பக்கம் வந்தவ. படலையில நிண்டு வீட்டப் பாத்திட்டுப் பேசாமப் போயிட்டா.”

“ஓட்டுக்குச் சொல்லியிரிக்கு எண்டு சொல்லியிரிக்கலாமே புள்ள.”

“சொல்லல்ல.” பிறகு சொன்னாள்: “நீங்க கவலப்படாதீங்க அப்பா. எனக்கு ஒண்டும் இல்ல.”

அவள் அந்தக் காரியத்தைச் செய்ததற்கு முதல் நாள் பின்னேரமும் இதே சொல்லைத்தான் சொன்னாள். இதே குரலில்.  இன்னும் ஒரு கிழமை, அல்லது இரண்டு, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் கஞ்சிக்கு வழமையை விடப் பல மடங்கு போட்டேன். தேங்காய்ப்பாலும் விட்டேன், கரிப்புத் தெரியாமல் இருக்க. பின்னேரமும் போட்டேன்.

“இண்டைக்கென்ன, கலியாண வீடா?” என்று கேட்டுக் குடித்தார். பிறகு தாகம் என்றார். தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அளக்காமல் கொடுத்தேன். இரண்டு முறை அவருடைய காலில் பெருவிரலை அமர்த்திப் பார்த்தேன். இரண்டாம் முறை குழி எழும்பவே இல்லை. வேறு நாள் என்றால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். அன்றைக்கு இன்னொரு கோப்பை தண்ணீர் கொடுத்தேன். திங்கட்கிழமை அம்புலன்ஸ் வரும் என்பது மட்டும்தான் என் தலைக்குள் நின்றது.

விடியும்போது அவருக்கு மூச்சு வரவில்லை. மூடைக்குக் கீழ் அகப்பட்டவன் மூச்சு எடுக்கிற மாதிரி எடுத்தார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மிஸ்ஸைக் கூப்பிட்டேன், ஓடி வந்தார்கள், ஊசி போட்டார்கள், ஒட்சிசன் வைத்தார்கள். நான் கட்டிலில் ஏறி அவரை என் நெஞ்சோடு சாய்த்து நிமிர்த்திப் பிடித்தேன்.

“மூர்த்தி, சன்னலத் திற” என்றார்.

சன்னல் திறந்துதான் இருந்தது. “திறந்திட்டன் ஐயா” என்றேன்.

அவர் என் நெஞ்சில் சாய்ந்தபடியே போனார். அம்புலன்ஸ் வந்து கேற்றடியில் நின்று, சாரதி இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு, வெறுமையாகத் திரும்பிப் போனது. அன்றைக்கு ஏசின தலைமை மிஸ் என் தோளைத் தொட்டுச் சொன்னார்:

“நீங்க இல்லாட்டி அவர் இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சிருக்க மாட்டார்.”

“ஓம் மிஸ்” என்றேன்.

பிரஷாந்தி வந்தார். சடங்கெல்லாம் முடியும்வரை நான் அந்த வீட்டில்தான் நின்றேன். தண்ணீர் அள்ளினேன், கதிரை அடுக்கினேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். வேலை முடிந்துவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று கூரை விசயத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இவ்வளவுதானா? அண்டைக்குக் கேட்டனே அண்ணன். சொல்லியிருந்தா அண்டைக்கே அனுப்பியிருப்பனே. அப்பா ஒவ்வொரு நாளும் உங்களப் பத்தித்தான் கதைப்பார்.”

அந்தக் கிழமையே ஓடு லொறியில் வந்து இறங்கியது. இலட்சுமிப்பிள்ளை வந்து அண்ணாந்து பார்த்து, “இப்ப சரி” என்றார். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கலியாணம் நடந்தது. கேதீஸ்வரிக்கு இப்போது வயிற்றில் பிள்ளை. போன மாதம் போனபோது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அறை கூட்டினாள். அவள் பாடி நான் கேட்டு எத்தனையோ வருசம்.

நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன் ஐயா. அந்தச் சுவர்ப் படத்தை மனதில் வைத்து யோசித்தேன். கச்சேரியில் பத்தின சிகரெட் என்னுடையது இல்லை. தகப்பன் கொடுத்த இரத்தம் என்னுடையது இல்லை. சீனி வருத்தமும் பிறசரும் நான் வருமுன்பே இருந்தவை. மனைவி போன கவலை, மகள் தூரத்தில் இருக்கிற கவலை, அதுவும் ஒரு கட்டம்தான். எத்தனையோ கட்டம் இருக்கிற படத்தில் உப்பு மட்டும் என்னுடையது. எல்லாவற்றையும் என் தலையில் கட்டினால் அது நீதி இல்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அளவு தெரியாமல் போடவில்லை. தெரிந்துதான் போட்டேன். கொன்றது நான் என்று எழுதச் சொன்னால், எழுதுகிறேன். நல்லரத்தினம் ஐயாவைக் கொன்றது நான்.

இனி முகைதீன்பாவா காக்கா. மீன் மொத்த வியாபாரம் செய்தவர். அதே ஆசுபத்திரி, அதே இருதய வருத்தம். பிரஷாந்தி என்னைப் பற்றி நல்ல மாதிரிச் சொல்லியிருந்ததால் அவருடைய மகள் ஸஹீதா என்னைத் தேடி எடுத்தார். நேற்றுப் பகல் ஸஹீதா பசியோடு வந்து, வாப்பா மிச்சம் வைத்த கஞ்சியில் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அப்படியே துப்பினார்.

“யா அல்லாஹ்! என்ன இது? கடல் தண்ணியக் காய்ச்சின மாதிரி! ஆரு வாப்பாக்கு இதக் குடுத்த?”

“அவர ஏசாத மகள்” என்றார் காக்கா. “நான்தான் கேட்ட.”

காக்கா கேட்டது உண்மை. ஆனால் உப்புத் தாள் என் சட்டைப் பைக்குள் இருந்தது. மிஸ் எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஏன் செய்தாய் என்று காலையில் கேட்டீர்கள். இந்த முறை காட்டுவதற்கு என்னிடம் கூரை இல்லை. மூத்தவளின் வீடு முடிந்துவிட்டது. இளையவர்கள் இருவரையும் இன்னும் ஒருவரும் கேட்டு வரவில்லை, அவசரமும் இல்லை. டொக்டர் காக்காவைப் பார்த்து, “கால் வத்தீற்று, கெதியில வீட்ட போகலாம்” என்றார். அதைக் கேட்டதும் என் கை சட்டைப் பைக்குள் போனது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மூடையை நினைத்தேனோ, போடியாரின் முகத்தை நினைத்தேனோ, இப்போது ஞாபகம் இல்லை.

ஆனால் நான் பழைய ஆள் இல்லை என்பதை ஐயா கவனத்தில் எடுக்க வேண்டும். நல்லரத்தினம் ஐயாவின் விசயத்தில் இருந்து நான் படித்துக்கொண்டேன். காக்காவுக்கு நான் பாதிதான் போட்டேன்.